எண்ணெய்க்குக் காவல்

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிவாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கலங்கரை விளக்கமும் வழக்கம்போல ஒளி வீசிக்கொண்டிருந்தது. கப்பலின் தேடுவிளக்கு, கரையோரம் நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் மேல் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு அது இருளில் மறைந்தபோது தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ‘எம்டன்’ என்ற அந்தக் கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. யாருக்கும் பிடிகொடுக்காத கெட்டிக்காரனை இன்றும் ‘சரியான எம்டன்’ என்கிறோம்.

அந்தக் கதையின் மறுபாதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. எம்டன் நிலக்கரியில் ஓடிய கப்பல். அடுத்த கரி எங்கே கிடைக்கும் என்பதே அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லரின் தீராத கவலையாக இருந்தது. பிடித்த வணிகக் கப்பல்களிலிருந்து கரியை எடுத்துக்கொண்டார். ‘பியூரெஸ்க்’ என்ற கரிக்கப்பலைச் சிறைப்பிடித்துக் கூடவே ஓட்டிச்சென்றார். அக்டோபரில் டியாகோ கார்சியா தீவில் நிறுத்திக் கரி ஏற்றிக்கொண்டார். போர் மூண்ட செய்தியே அந்தத் தீவுக்கு அதுவரை எட்டியிருக்கவில்லை. பக்கத்தில் நட்புத் துறைமுகம் ஒன்றுகூட இல்லாத கப்பல் இந்தியப் பெருங்கடலில் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது இப்படித்தான். பிறருடைய எரிபொருளைக் கொளுத்தியவருக்கே தன் எரிபொருளைப் பற்றிய பதைப்பு நீங்கவில்லை.

படைக்கு எரிபொருள் போகும் வழியைப் போர்க்காலத்தில் காப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளாகப் படைகள் பலவிதமாக விடை தேடியிருக்கின்றன. துணைக்கப்பல் அனுப்பினார்கள், குழாய் பதித்தார்கள், கிடங்கை மறைத்தார்கள், பிரித்து வைத்தார்கள், காசு கொடுத்து வழி வாங்கினார்கள். இவற்றையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. துப்பாக்கி ஏந்திய காவல் பெரும்பாலும் கடைசியாக நினைவுக்கு வந்த, பாதி மட்டுமே பலித்த வழி. எவ்வளவு எண்ணெய் தேவை, அதை எத்தனை இடங்களில் வைப்பது, எத்தனை வழிகளில் கொண்டுபோவது என்று முன்கூட்டியே யோசித்தவர்களே அதிகம் காப்பாற்றினார்கள்.

எண்ணெயைக் காக்கவேண்டிய கட்டாயம் வந்ததே ஒரு தேர்வால்தான். முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறத் தொடங்கியது. வேகம் கூடும், ஆள் குறையும், நடுக்கடலிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்பது கடற்படை அமைச்சர் சர்ச்சில் தரப்பின் வாதம். ஆனால் கரி வேல்ஸில் வெட்டினால் கிடைக்கும். எண்ணெய்க்குப் பாரசீகம் வரை போகவேண்டும். 1914இல் ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை அரசே வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஷத்-அல்-அரபின் முகத்துவாரமான ஃபாவோவில் இந்தியச் சிப்பாய்கள் இறக்கப்பட்டார்கள். ஆபாதான் சுத்திகரிப்பு நிலையத்தையும் அதற்கு வரும் குழாய்களையும் காப்பது அவர்களுடைய முதல் பணிகளில் ஒன்று. அங்கே தொடங்கிய படையெடுப்பு மெசபடோமியாவின் உள்ளே நீண்டு, கூத் முற்றுகையில் ஆயிரக்கணக்கான இந்தியர்களைப் பட்டினியிலும் சிறையிலும் தள்ளியது. குழாயைக் காக்கப் போன படை, பிறகு தன்னையே காக்க முடியாமல் நின்றது.

இரண்டாம் உலகப்போரில் இந்தக் கேள்வி முழு உருவம் கொண்டது. 1942 ஜனவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வந்தன. முதல் அலையில் வந்தவை ஐந்தே ஐந்து. டெக்சாஸிலிருந்து நியூயார்க் பக்கம் எண்ணெய் கொண்டுபோன கப்பல்கள் துணையின்றித் தனித்தனியே ஓடின. கரையோர ஊர்களின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. அந்த வெளிச்சத்தின் முன்னால் கப்பல்கள் நிழலாகத் தெரிய, நீர்மூழ்கிகள் கடல் பக்கம் நின்று ஒவ்வொன்றாக அடித்தன. சென்னையில் எம்டனுக்கு வழிகாட்டிய அதே வெளிச்சம், இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு கரையில்.

மே மாதத்தில் கரையோரக் கப்பல்களைக் கூட்டாகத் துணையுடன் அனுப்பத் தொடங்கியதும் அங்கே இழப்பு குறைந்தது. நீர்மூழ்கிகள் மெக்சிகோ வளைகுடாவுக்கும் கரீபியனுக்கும் இடம் மாறின. என் பார்வையில், அதைவிட ஆழமான விடை நிலத்தில் கிடைத்தது. டெக்சாஸின் லாங்வியூவிலிருந்து கிழக்குக் கரைவரை ஏறத்தாழ 2,000 கி.மீ. தூரத்துக்கு 24 அங்குலக் குழாய் பதித்தார்கள். ‘பிக் இன்ச்’ என்று பெயர். ஓராண்டில் வேலை முடிந்தது. நாளொன்றுக்குச் சுமார் 3,00,000 பேரல் கச்சா எண்ணெய் எந்த டார்பீடோவுக்கும் எட்டாமல் மண்ணுக்கடியில் ஓடியது. ஆபத்தான வழிக்குக் காவல் போடுவதைவிட, அந்த வழியே வேண்டாம் என்று ஒதுக்கிவிட முடிந்தால் அதற்கு ஈடில்லை.

எல்லோருக்கும் அந்த வசதி வாய்க்காது. மத்தியதரைக் கடலில் ஜெர்மனியும் இத்தாலியும் முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் தீவான மால்டாவுக்கு வாய்க்கவில்லை. 1942 ஆகஸ்டில் அந்தத் தீவு சரணடைவதற்குச் சில வாரங்களே மிச்சமிருந்தன. மாவும் தீர்ந்துகொண்டிருந்தது, எண்ணெயும் தீர்ந்துகொண்டிருந்தது. விமானங்களுக்கும், நீர் இறைக்கும் பம்புகளுக்கும், அடுப்புக்கும் எண்ணெய் வேண்டும். 14 சரக்குக் கப்பல்கள் ஜிப்ரால்டர் வழியாகக் கிளம்பின. விமானந்தாங்கிகளும் பெரும் போர்க்கப்பல்களும் டஜன் கணக்கில் நாசகாரிக் கப்பல்களும் கூடவே வந்தன. ஒரு சிறு தீவுக்காக இவ்வளவு பெரிய துணைப்படை அதற்குமுன் திரண்டதில்லை. அந்தப் பதினான்கில் ‘ஒஹையோ’ ஒன்றே பெரிய எண்ணெய்க் கப்பல். அதில் சுமார் 11,500 டன் எண்ணெய். எதிரிக்கும் அது தெரியும்.

விமானந்தாங்கி ‘ஈகிள்’ முதலில் மூழ்கியது. பிறகு ‘கெய்ரோ’, ‘மான்செஸ்டர்’ என்ற போர்க்கப்பல்கள். இத்தாலிய நீர்மூழ்கியின் டார்பீடோ ஒஹையோவின் பக்கவாட்டைக் கிழித்தது. சுடப்பட்ட விமானம் ஒன்று அதன் மேல்தளத்திலேயே வந்து விழுந்தது. இயந்திரம் நின்றது, சுக்கான் போனது, மாலுமிகள் கப்பலைவிட்டு இறங்கி மறுபடியும் ஏறினார்கள். முதுகு முறிந்துகொண்டிருந்த அந்தக் கப்பலை இரண்டு நாசகாரிக் கப்பல்கள் இருபுறமும் கயிறு கட்டித் தோள்கொடுத்து, ஆள் நடக்கும் வேகத்தில் இழுத்துவந்தன. ஆகஸ்ட் 15ஆம் தேதி, மாதாவின் திருநாளன்று, அது வலெட்டா துறைமுகத்துக்குள் நுழைந்தது. கோட்டைச் சுவர்களில் மக்கள் திரண்டு நின்றார்கள். எண்ணெயை இறக்கி முடித்தபோது கப்பல் துறைமுகத் தரையிலேயே அமர்ந்துவிட்டது. பதினான்கில் கரை சேர்ந்தவை ஐந்து. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த மாலுமிகளின் நெஞ்சுரம் என்னைக் கலங்கடிக்கிறது. கூடவே ஒரு கணக்கும் உறுத்துகிறது. ஒரு தீவின் உயிர் முழுவதையும் ஒரே கப்பலின் வயிற்றில் வைக்கவேண்டிய நிலை வந்தபோதே பாதுகாப்பில் பாதி தோற்றுவிட்டது.

மத்தியதரைக் கடலின் தென்கரையில் ஜெர்மன் தளபதி ரோமலின் படையை மடக்கியதில் மால்டாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய எண்ணெய் இத்தாலியிலிருந்து கடல் தாண்டி வரவேண்டும். பிறகு டிரிப்போலியிலிருந்தோ பெங்காஸியிலிருந்தோ பாலைவனச் சாலையில் பல நூறு, சில சமயம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் லாரியில் போகவேண்டும். அந்த லாரிகளும் பெட்ரோல் குடிக்கும். படை முன்னேற முன்னேற, கொண்டுபோகும் பெட்ரோலில் கூடுதல் பங்கு வழியிலேயே கரைந்தது. பிரிட்டிஷாரோ ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்து, எந்தக் கப்பல் என்று கிளம்பும் என்பதை முன்பே அறிந்தார்கள். தாக்கும் முன் அந்தப் பக்கம் ஒரு வேவு விமானத்தை அனுப்புவார்கள். விமானம் தற்செயலாகக் கண்டுவிட்டது என்று எதிரி நினைக்கவேண்டும் என்பதற்காக. அல் அலமைன் போர் உச்சத்தில் இருந்த 1942 அக்டோபர் கடைசியில் ‘ப்ரோசர்பினா’, ‘லூயிசியானோ’ என்ற இரு எண்ணெய்க் கப்பல்கள் ரோமல் எதிர்பார்த்துக் காத்திருந்தபோதே அடுத்தடுத்து மூழ்கின. பயண நேரம் எதிரிக்குத் தெரிந்துவிட்டால் எத்தனை துணைக்கப்பல் இருந்தும் பயன் குறைவு.

இங்கே ஒரு சிறிய பொருளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரிய நூல்கள் அதைச் சட்டென்று கடந்துவிடுகின்றன. பிரிட்டிஷ் படை பெட்ரோலை நான்கு காலன் மெல்லிய தகர டின்களில் அனுப்பியது. மடிப்பில் பிளந்து வழியெல்லாம் ஒழுகும். தளபதி ஆக்கின்லெக்கின் மதிப்பீட்டில், டின்களில் அடைத்த பெட்ரோலில் சுமார் 30 சதவீதம் இப்படியே வீணானது. ஜெர்மானியரிடம் இருந்தது 20 லிட்டர் இரும்புக் கேன். மூன்று கைப்பிடி, ஒருவரே இரண்டு காலிக் கேன்களை ஒரு கையில் தூக்கலாம், நிறைந்ததை இருவர் பிடித்து நடக்கலாம். மூடி கழன்று தொலையாது. கைப்பற்றிய கேன்களைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்ட பிரிட்டிஷார் பிறகு அப்படியே நகல் செய்தார்கள். ஜெர்மானியருக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயரே ‘ஜெர்ரி கேன்’ ஆகி, இன்று நம் ஊர் ஹார்டுவேர் கடைவரை வந்திருக்கிறது. எதிரி ஒரு குண்டும் போடாமல் மூன்றில் ஒரு பங்கை மண்ணில் ஊற்றிவிட்டு, மிச்சத்துக்காகக் கடலில் உயிர் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

1944 ஆகஸ்டில் பிரான்சில் நேசப்படை எதிர்பார்த்ததைவிட வேகமாக முன்னேறியது, பெட்ரோல் பின்தங்கியது. நார்மண்டிக் கரையிலிருந்து முன்வரிசைக்கு லாரிகள் இரவும் பகலும் ஓட ஒருவழிச் சாலைகள் ஒதுக்கப்பட்டன. அதுதான் ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’. உச்சக் கட்டத்தில் ஏறத்தாழ 6,000 லாரிகள். எண்பத்து சொச்சம் நாளில் சுமார் 4,12,000 டன் பொருள் போனது. அந்த லாரிகள் மட்டும் நாளுக்குச் சுமார் 3,00,000 காலன் பெட்ரோல் குடித்தன. ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். அவர்களை வெள்ளையருடன் தோளோடு தோள் நின்று சுட அனுமதிக்காத ராணுவம், வெள்ளையரின் டாங்கிகள் ஓட அவர்களையே நம்பியிருந்தது. தூக்கமின்மையும் தேய்ந்த டயரும் பள்ளத்தில் கவிழ்வதுமே அவர்களுக்குப் பெரிய எதிரிகள். எரிபொருள் வழியின் வரலாற்றில் இவர்களுக்கு இன்னும் பல பக்கங்கள் எழுதப்படவேண்டும்.

ஜப்பானின் கதை நேர்மாறான பாடம். அந்த நாடு போருக்கு இறங்கியதே பெரும்பாலும் எண்ணெய்க்காக. 1942 தொடக்கத்தில் சுமத்ராவின் பாலெம்பாங் கிணறுகள் கைக்கு வந்தன. அவற்றைச் சீர்செய்ய அனுப்பிய நிபுணர்களையும் தொழிலாளர்களையும் ஏற்றிய ‘தாய்யோ மாரு’ மே மாதமே டார்பீடோவுக்கு இரையானது. சுமத்ராவுக்கும் ஜப்பானுக்கும் இடையே உள்ள பல ஆயிரம் கிலோமீட்டர் கடலைக் காப்பது ஜப்பானியக் கடற்படைக்குக் கௌரவமான வேலையாகத் தெரியவில்லை. எதிரியின் போர்க்கப்பல்களோடு ஒரு பெரும் மோதல், அதில் வெற்றி என்பதே அதன் கனவு. துணைக்கப்பல்களுக்கென்று தனித் தலைமையகம் அமைக்க 1943 நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் அமெரிக்க நீர்மூழ்கிகளின் பழுதான டார்பீடோக்களும் சரிசெய்யப்பட்டுவிட்டன. 1945 வசந்தத்தில் தெற்கிலிருந்து எண்ணெய் வருவது அறவே நின்றது. பள்ளிப் பிள்ளைகளும் கிராமத்துப் பெண்களும் பைன் மர வேர்களைத் தோண்டி எடுத்து விமான எண்ணெய் காய்ச்ச முயன்றார்கள்.

இதே ஜப்பான் எதிரியின் எண்ணெயையும் அலட்சியம் செய்தது. பேர்ல் ஹார்பரில் திறந்தவெளியில் சுமார் 45 லட்சம் பேரல் எண்ணெய் தொட்டிகளில் நின்றது. 1941 டிசம்பர் 7இல் ஜப்பான் அந்தத் தளத்தைத் தாக்கியபோது அவற்றின் மேல் குண்டு விழவில்லை. அவை எரிந்திருந்தால் போர் இன்னும் இரண்டாண்டு நீண்டிருக்கும் என்று அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் பின்னாளில் கருதினார்.

திருகோணமலையில் பிரிட்டிஷார் வேறு மாதிரி யோசித்திருந்தார்கள். சீனன்குடாவில் ஏறத்தாழ நூறு பெரிய தொட்டிகளை அவர்கள் ஒரே திடலில் வரிசைகட்டி வைக்கவில்லை. காட்டுக்குள் தள்ளித் தள்ளி அமைத்தார்கள். ஒன்று பற்றினால் மற்றொன்றுக்குத் தாவாது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. ஒரு விமானம் தொட்டி ஒன்றின் மேலேயே விழுந்து, அது எரிந்து அழிந்தது. மற்றவை நின்றன. இன்றும் அந்தத் தொட்டிகளில் பெரும்பாலானவை அங்கே இருக்கின்றன.

பரப்பி வைக்கும் இந்த முறையை எல்லை வரை கொண்டுபோனது வட வியட்நாம். 1966 ஜூன் 29இல் ஹனோய், ஹைபாங் எண்ணெய்க் கிடங்குகளை அமெரிக்க விமானங்கள் தாக்கின. பெரிய தொட்டிகள் எரிந்தன. படம் பார்த்தவர்கள் வெற்றி என்றார்கள். ஆனால் அதற்குள்ளேயே எண்ணெயைப் பீப்பாய்களிலும் சிறு தொட்டிகளிலும் சாலையோரம், வயலோரம், ஊருக்குள் என்று சிதறி வைத்துவிட்டார்கள். தெற்கே படை போவது நிற்கவில்லை. குண்டுவீச்சின் பலனை ஆராய அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மக்னமாரா கூட்டிய விஞ்ஞானிகள், அளந்து சொல்லும்படி எந்த விளைவும் இல்லை என்று முடிவு சொன்னார்கள். இரண்டாண்டு கழித்து வின் நகரத்துப் பக்கம் தொடங்கி, சோவியத் தந்த சிறிய குழாய்களைத் தோளில் சுமந்துபோய் மலையிலும் காட்டிலும் இணைத்தார்கள். குண்டு விழுந்தால் ஓரிரு துண்டைக் கழற்றி மாட்டினால் போதும். இந்தக் குழாய் ஹோ சி மின் பாதையோடு தெற்கே நீண்டுகொண்டே போனது. ஆனால் சிதறி வைப்பதற்கும் விலை உண்டு. ஊருக்குள் வைத்த பீப்பாய் ஊரையே குறியாக்கிவிடுகிறது.

கடலில் துணைக்கப்பல் முறையின் எல்லையைக் காட்டியது பாரசீக வளைகுடா. ஈரான்–ஈராக் போரின்போது குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடி ஏற்றிப் போர்க்கப்பல் துணையுடன் அழைத்துப்போனார்கள். 1987 ஜூலை 24இல், அந்த முதல் பயணத்திலேயே ‘பிரிட்ஜ்டன்’ கண்ணிவெடியில் மோதியது. பெரிய எண்ணெய்க் கப்பல் ஓட்டையோடு தொடர்ந்து மிதந்தது. மெல்லிய உடல் கொண்ட போர்க்கப்பல்கள் அதன் பின்னால் வரிசையாக ஒதுங்கி வந்தன. காக்கப்பட வேண்டிய கப்பலே காவல் கப்பல்களுக்கு முன்னால் கேடயமாகப் போயிற்று.

அமெரிக்காவும் நேட்டோவும் போரிட்ட ஆப்கானிஸ்தானில் இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒரே சாலையில் வந்து சேர்ந்தன. கடல் இல்லாத நாடு. கராச்சியில் இறக்கிய எரிபொருள் தோர்க்கம் எல்லை வழியாகவோ சமன் எல்லை வழியாகவோ ஏறவேண்டும். ஓட்டியவர்கள் பாகிஸ்தானிய, ஆப்கானிய லாரிக்காரர்கள். 2010 செப்டம்பர் கடைசியில் எல்லையில் பாகிஸ்தான் வீரர்கள் நேட்டோ ஹெலிகாப்டர் தாக்குதலில் இறக்க, தோர்க்கம் பத்து நாளுக்கு மேல் மூடப்பட்டது. நின்றுபோன டாங்கர் லாரிகள் வழியெங்கும் டஜன் கணக்கில் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு எல்லையோர சலாலாவில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தபோது வழி ஏழு மாதம் அடைபட்டது. ரஷ்யா, மத்திய ஆசியா வழியே வடக்குப் பாதை ஒன்றை முன்பே திறந்து வைத்திருந்ததால்தான் படை சமாளித்தது.

அந்தப் போரைப் பற்றி அமெரிக்க ராணுவம் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஆப்கானிஸ்தானில் சராசரியாக 24 எரிபொருள் கான்வாய்களுக்கு ஒருவர் வீதம் இறந்தார் அல்லது காயமடைந்தார் என்று கணக்கிட்டது. எட்டாத மலை முகாம்களில் ஒரு காலன் எரிபொருள் போய்ச்சேர 400 டாலர் வரை ஆகலாம் என்று பென்டகன் நாடாளுமன்றத்திடம் சொன்னது. 2010இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இன்னும் கசப்பானதை வெளியிட்டது. பல நூறு கோடி டாலர் லாரி ஒப்பந்தத்தில் ஒரு பங்கு, சாலையில் வழிவிடும் உள்ளூர்த் தளபதிகளுக்குக் காவல் கூலியாகப் போயிற்று. அதில் ஒரு பகுதி தாலிபான்களையே சென்றடைந்திருக்கலாம். காவலுக்குக் கொடுத்த காசு தாக்குபவர் கைக்குப் போனால் அந்தக் காவலுக்கு என்ன பொருள்?

லாரி ஓட்டியவரின் நிலையைச் சட்டமும் தெளிவாகச் சொல்வதில்லை. படைக்குப் போகும் எரிபொருள் ராணுவ இலக்கு என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஸ்டியரிங் பிடித்திருப்பவர் பொதுமகன். செஞ்சிலுவைச் சங்கம் 2009இல் தந்த விளக்கம், முன்வரிசைக்கே வெடிபொருள் ஓட்டிச் செல்பவரையும், தொலைவில் துறைமுகத்துக்குச் சரக்கு ஓட்டுபவரையும் பிரித்துப் பார்க்கிறது. நடுவே உள்ள ஆயிரம் கிலோமீட்டரில் ஓடுபவர்கள் எந்தப் பக்கம்? கராச்சியிலிருந்து கிளம்பிய அந்த மனிதர்களின் இறப்பு பெரும்பாலும் எந்த ராணுவத்தின் இழப்புப் பட்டியலிலும் ஏறவில்லை. இந்தப் பொருளை எழுதும் எவரும் முதலில் நிற்கவேண்டிய இடம் இது என்று நம்புகிறேன்.

ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் இருந்த படைவீரர்களில் சிலரே சரியான முனையைப் பிடித்தார்கள். முகாம்களில் எரிந்த டீசலில் பெரும்பங்கு ஜெனரேட்டருக்குப் போனது. அதிலும் பெரும்பங்கு, வெயிலில் கொதிக்கும் துணிக் கூடாரங்களைக் குளிரூட்டுவதற்கு. ஈராக்கில் கூடாரங்களின் மேல் வெப்பம் தடுக்கும் நுரையைப் பூசியபோது தேவை வெகுவாகக் குறைந்தது. 2010இல் ஆப்கானிஸ்தானின் சங்கின் பக்கம் போன மரைன் பிரிவு ஒன்று சூரியத் தகடுகளை எடுத்துப்போய் ஜெனரேட்டரை நாளில் பெரும்பகுதி அணைத்து வைத்தது. ஓடாத லாரிக்குக் குண்டு வைக்க முடியாது.

உக்ரைனில் ட்ரோன் வந்த பிறகு டாங்கர் லாரியின் உருவமே அதற்கு ஆபத்தாகிவிட்டது; மேலிருந்து பார்த்தால் அது வேறெதுவாகவும் தோன்றாது. 2022 ஏப்ரலில் கிரெமென்சுக் சுத்திகரிப்பு நிலையத்தை ரஷ்யா அடித்ததும் உக்ரைன் முழுவதும் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. பிறகு மேற்கு எல்லையிலிருந்து பல சிறு லாரிகளிலும் ரயிலிலும் எண்ணெய் வரத் தொடங்கியதும் நிலைமை தேறியது. ஒரு நிலையத்தை அடித்து நாட்டை நிறுத்துவது அதன்பின் எளிதாக இல்லை. மறுபக்கம், உக்ரைனின் ட்ரோன்களுக்கு அஞ்சி ரஷ்யா தன் சுத்திகரிப்பு நிலையங்களை ஆயிரம் கிலோமீட்டர் உள்ளேயும் வலைகட்டிக் காக்கவேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இதன் கூர்மையான முனை லடாக். பனி விழுந்து கணவாய்கள் அடைபடுமுன் ஆண்டுதோறும் குளிர்காலச் சேமிப்பு நடக்கிறது. டீசலும், கூடாரத்துப் புகாரி அடுப்புக்கு மண்ணெண்ணெயும் கோடை மாதங்களிலேயே லாரியில் ஏறிவிடவேண்டும். 1999இல் கார்கிலில் ஊடுருவியவர்கள் தோலோலிங் உச்சியில் அமர்ந்து ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையைக் கண்ணெதிரே வைத்திருந்தார்கள். திராஸ் பகுதியில் லாரிகள் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு இரவில் ஊர்ந்தன. அந்தச் சாலையை விடுவிக்க வீரர்கள் செங்குத்துப் பாறையில் ஏறி உயிர் கொடுத்தார்கள். 2020இல் ரோத்தாங் கணவாயின் அடியில் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறந்தது. ஜோஜிலா கணவாயின் அடியிலும் சுரங்கப்பாதை வேலை நடக்கிறது. ஒரே சாலையை நம்பிய நிலை மெல்ல மாறுகிறது.

2021 தொடக்கத்தில் லடாக்கின் பொறியாளர் சோனம் வாங்சுக் படைக்கென்று ஒரு கூடாரத்தைச் செய்து காட்டினார். பகல் வெயிலின் வெப்பத்தைச் சுவரில் சேர்த்து வைத்து இரவில் வெளிவிடும். பத்துப் பேர் தூங்கலாம்; கழற்றினால் எந்தத் துண்டும் 30 கிலோவைத் தாண்டாது. வெளியே உறைநிலைக்குக் கீழே 14 டிகிரி இருந்த இரவில் உள்ளே 15 டிகிரி இருந்தது என்றார் அவர். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லாமல்.